மன்னிப்புக் கேட்கும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள்

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறேன். குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. குடியை நிறுத்திய கையோடு வீடு வீடாக மன்னிப்புக் கேட்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நானும் நான்காம் நாளே மனைவியின் காலில் விழுந்தேன். "இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அந்தக் கோபத்தில் அன்று மாலையே குடித்தேன்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்றிருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

உடம்பு தேறியபின் தியானம். விடியற்காலையில், தறிக்குழியில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் உட்காருகிறேன். சுவரில் சாய்ந்துகொள்ளலாம்; கண்ணை மூடப் பயமாக இருந்தால் திறந்தே வைத்திருக்கலாம். மூச்சை விடும்போது ஒன்று, அடுத்த மூச்சுக்கு இரண்டு எனப் பத்து வரை எண்ணுங்கள். தவறும். எனக்கு மூன்றைத் தாண்டவே ஒரு மாதம் ஆயிற்று. பாவில் இழை அறுந்தால் துணியையா வீசுகிறோம்? நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு மறுபடி நாடாவை ஓட்டுகிறோம். அதுபோல ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

அப்படி உட்காரும்போதுதான் நாம் ஒளித்து வைத்ததெல்லாம் மேலே வரும். மகளின் வெள்ளிக் கொலுசை விற்றுக் குடித்தது எனக்கு வந்தது. நெஞ்சு எரிந்தது. எழுந்து ஓடாதீர்கள். உடம்பில் எங்கே எரிகிறது என்று மட்டும் பாருங்கள்; ஏறும், பிறகு இறங்கும். குடிக்கத் தோன்றும் வேகமும் இப்படித்தான், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும்.

வந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, நாம் தீங்கு செய்தவர்களின் பட்டியல்தான்; ஈடு செய்வது ஒன்பதாவது. ஈடு செய்வதால் எவருக்காவது தீங்கு நேருமானால் செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் பாரத்தை இறக்குவதற்காக, நம்மைக் கண்டாலே நடுங்கும் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது.

கேட்கும்போது செய்ததை அப்படியே சொல்லுங்கள், காரணம் சேர்க்காதீர்கள், பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். கூலியில் பதினொரு மாதம் சேர்த்துக் கொலுசு வாங்கினேன். மகள் வாங்கிப் பெட்டியில் வைத்தாள். இன்னும் போடவில்லை. நான் கேட்பதில்லை.

அப்பாவின் பெயரை அந்த நோட்டில் எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. சிறுவனாக இருந்த என்னைச் சாராயம் வாங்க அனுப்பி, மிச்சத்தை எனக்கு ஊற்றியவர் அவர். அவரை மன்னிப்பதென்றால் அவர் செய்தது சரி என்று சொல்வதல்ல. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் முகத்தை நினைத்து, ஒரு மூச்சை அவருக்காக விடுகிறேன். சில நாள் முடிகிறது. முடியாத நாளில் எழுந்து தறிக்குப் போய்விடுகிறேன்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெருவெல்லாம் பழைய கூட்டாளிகள் இருப்பார்கள். அன்று மட்டும் காலையும் மாலையும் இருமுறை உட்காருகிறேன்.