தள்ளுபடி போனா, அன்லிமிடெட் டேட்டாவா? கணக்கு தப்பும் இடங்கள்

2012 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் வெரைசன் என்ற அலைபேசிச் சேவை நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. மாதம் 29.99 டாலருக்கு அன்லிமிடெட் டேட்டா வைத்திருந்த பழைய வாடிக்கையாளர், இனி நிறுவனத்தின் தள்ளுபடி விலையில் புது போன் வாங்கினால் அந்த அன்லிமிடெட் போய்விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமா, போனை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஐபோன் 5 வந்தபோதுதான் இது உறைத்தது. 16 ஜிபி மாடல் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலர், ஒப்பந்தம் இல்லாமல் 649.

இடையில் இருக்கும் 450 டாலர்தான் நிறுவனம் தரும் மானியம். அதை இழக்கப் பயந்து அன்லிமிடெட்டை விட்டவர்களும் உண்டு, அன்லிமிடெட்டைக் காப்பாற்றுகிறேன் என்று தேவையே இல்லாமல் 649 கொடுத்தவர்களும் உண்டு. தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தி இழந்தவர்கள் தனி. பழைய இரண்டு ஆண்டு ஒப்பந்தம் இன்று இல்லை. ஆனால் 'போன் இலவசம், அன்லிமிடெட் பிளானுக்கு மாறினால் மட்டும்' என்ற விளம்பரத்தின் அடியில் ஓடுவது அதே கணக்குதான். அமெரிக்காவில் குடும்பமாக நான்கைந்து லைன் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது இது.

போன் விலையை மட்டும் ஒப்பிடுவது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே போன் சுண்டைக்காய், மாதக் கட்டணம் சுமைகூலி. 24 மாதத்துக்கும் சேர்த்துக் கூட்டினால்தான் எது மலிவு என்று தெரியும்.

2012இல் ஒரு தனி லைன் கணக்கைப் போடுவோம். பழைய பிளானில் 450 நிமிடப் பேச்சு 39.99, அன்லிமிடெட் டேட்டா 29.99, அளவில்லாத குறுஞ்செய்தி 20. ஏறக்குறைய 90 டாலர். இரண்டு ஆண்டுக்கு 2160, அதோடு முழு விலை போன் 649. மொத்தம் 2809.

வெரைசனின் புதிய 'ஷேர் எவ்ரிதிங்' பிளானில் ஸ்மார்ட்போனுக்கு மாதம் 40, அதற்கு மேல் டேட்டாவுக்குத் தனி: 2 ஜிபிக்கு 60, 4 ஜிபிக்கு 70, 6 ஜிபிக்கு 80. பேச்சும் குறுஞ்செய்தியும் அளவில்லாமல் உள்ளடக்கம். போன் 199, அப்கிரேட் (புது போனுக்கு மாறும்) கட்டணம் 30. 2 ஜிபி போதும் என்பவருக்கு இரண்டு ஆண்டில் 2629 ஆகிறது. 4 ஜிபிக்கு 2869. 6 ஜிபிக்கு 3109.

ஆக, 2 ஜிபிக்குள் அடங்குபவர் மானியத்தை வாங்கிக்கொண்டு அன்லிமிடெட்டை விட்டிருந்தால் 180 டாலர் மிச்சம். 4 ஜிபி தேவைப்பட்டால் முழு விலை கொடுத்ததே 60 டாலர் மலிவு. 6 ஜிபி என்றால் 300. 'அன்லிமிடெட்டை உயிர் போனாலும் விடாதே' என்று அப்போது எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன அறிவுரை பாதிப் பேருக்குத்தான் பொருந்தியது.

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. குறுஞ்செய்தியே இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் செய்தி அனுப்புகிறவர் பழைய பிளானில் அந்த 20 டாலரை நீக்கிவிடலாம். அப்போது மாதம் 70, போனோடு சேர்த்து 2329. 2 ஜிபி பிளானைவிட 300 டாலர் குறைவு. வேண்டாத சேவையையும் சேர்த்தே விற்றதால் புதிய பிளானில் இந்த வழி இல்லை. பிளானை ஒப்பிடும்போது உங்கள் பில்லில் எந்தெந்த வரியை நீக்க முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எவ்வளவு டேட்டா போகிறது என்று பார்க்காமல் முடிவெடுப்பது

மேலே உள்ள கணக்கில் எல்லாமே 2 ஜிபியா 4 ஜிபியா என்பதில்தான் நிற்கிறது. அதை யூகிக்கத் தேவையில்லை. வெரைசனில் #3282 என்று டயல் செய்தால் உபயோகம் குறுஞ்செய்தியாக வரும், இன்னொரு பெரிய அலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் *3282#. ஒரு மாதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கணக்கில் உள்நுழைந்து ஆறு மாத பில்களை எடுத்து, மிக அதிகமான மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தாண்டினால் ஷேர் எவ்ரிதிங்கில் ஒவ்வொரு ஜிபிக்கும் 15 டாலர் தண்டம் இருந்தது. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் மாதத்தில் ஒருவருடைய வீடியோ அழைப்பும் சீரியலும் சேர்ந்தால் 2 ஜிபி ஒரு வாரத்தில் தீரும்.

இன்னொரு பக்கம், 3ஜி போனிலிருந்து 4ஜிக்கு மாறுகிறவர் பழைய உபயோகத்தை அப்படியே எடுத்துக்கொண்டதும் பிழைதான். வேகம் கூடினால் வீடியோ தானாகவே உயர்ந்த தரத்தில் ஓடும், ஜிபி எகிறும்.

முழு விலை கொடுத்தால் மாத பில் குறையும் என்று நம்புவது

மானியம் யார் பணம்? உங்கள் பணம்தான். 450ஐ 24ஆல் வகுத்தால் மாதம் 18.75. இந்தத் தொகை மாதக் கட்டணத்துக்குள் கலந்திருந்தது. தனி வரியாக பில்லில் வரவில்லை, அதனால் நீக்கவும் வழியில்லை. சொந்தப் பணத்தில் போன் வாங்கியவரும், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து பழைய போனையே வைத்திருந்தவரும் அதே கட்டணத்தைத்தான் கட்டினார்கள். வெரைசனின் அன்லிமிடெட் வாடிக்கையாளர் 649 கொடுத்த பிறகும், வாங்காத மானியத்துக்கு மாதாமாதம் தவணை கட்டிய மாதிரிதான்.

இதை முதலில் உடைத்தது டி-மொபைல் என்ற போட்டி நிறுவனம். 2013 மார்ச்சில் மானியத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துவிட்டு, போனுக்குத் தனித் தவணை, சேவைக்குத் தனிக் கட்டணம் என்று பிரித்தது. அங்கே ஐபோன் 5க்கு முன்பணம் 99.99, பிறகு மாதம் 20 வீதம் 24 மாதம். தவணை முடிந்ததும் பில் உண்மையிலேயே 20 டாலர் இறங்கும். 2015 ஆகஸ்டில் வெரைசன் புதிய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2016 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் நிறுத்தியது.

பில்லில் தெரியாத இரண்டு செலவுகள்

கலிபோர்னியாவில் 199க்கு வாங்கிய போனுக்கும் விற்பனை வரி 649 மீதுதான் கணக்கிடப்பட்டது. 2012இல் மாநிலத்தின் குறைந்தபட்ச விகிதம் 7.25 சதவீதம், ஆக வரி மட்டும் 47 டாலர். இன்று 'இலவச' போனுக்கும் கடையில் வரி கேட்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். பல மாநிலங்களில் முழு விலைக்கான வரியை முதல் நாளே கட்ட வேண்டும்.

அடுத்தது, அன்று ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் வந்த அபராதம். வெரைசனில் ஸ்மார்ட்போனுக்கு 350 டாலரில் தொடங்கி, ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 10 குறைந்தது. கவனித்துப் பாருங்கள்: 23 மாதம் ஒழுங்காகக் கட்டியவருக்கும் 120 டாலர் மீதி நின்றது. ஒரு மாதம் பொறுத்தால் பூஜ்யம். மானியம் மாதம் 18.75 வீதம் வசூலாகிக்கொண்டிருக்க, அபராதம் 10 வீதம்தான் இறங்கியது.

'அப்கிரேட்' என்ற பட்டனை அழுத்துவது

வெளியே முழு விலைக்கு போன் வாங்கி வந்தவர்கூட அன்லிமிடெட்டை இழந்தது இங்கேதான். இணையத்தில் அப்கிரேட் என்று போனால், நடுவில் ஒரு பக்கத்தில் புதிய பிளான் தேர்வு வரும். ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் 'அடுத்தது' கொடுத்துவிட்டால் பழைய பிளான் போயிற்று. நிறுவனம் விற்காத பிளானைத் திரும்பக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் நடவாத காரியம்.

சரியான வழி: போனை முழு விலைக்கு, ஒப்பந்தம் இல்லாமல் வாங்கி, ரசீதில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது. பழைய போனை அணைத்துவிட்டு, சிம்மைப் புதியதில் போடுவது. சிம் அளவு மாறினால் (ஐபோன் 4எஸ் மைக்ரோ, ஐபோன் 5 நானோ) புதிய சிம் வாங்கி, 'கைவசம் உள்ள கருவியை இயக்கு' என்ற வழியில் மட்டும் போவது. தொடங்கும் முன் பிளான் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முடிந்ததும் இன்னொன்று. இரண்டிலும் டேட்டா வரி ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அடுத்த பில் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று பொருந்தாத போன் வாங்குவது

முழு விலை கசந்ததால் பலர் பழைய போன் சந்தைக்குப் போனார்கள். அங்கே ஐபோன் 5இல் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு வகை இருந்தன. ஏ1428 என்பது ஏடி அண்ட் டிக்கானது. அதில் வெரைசனின் அழைப்புகள் ஓடிய சிடிஎம்ஏ தொழில்நுட்பமும் இல்லை, வெரைசன் 4ஜி ஓடும் பேண்ட் 13 என்ற அலைவரிசையும் இல்லை. வெரைசனுக்கு வேண்டியது ஏ1429. முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கியவரிடம் கடைசியில் இருந்தது அழைப்பு வராத ஒரு ஐபாட், அதாவது பாட்டுப் பெட்டி. 299 டாலருக்கு ஒப்பந்தமில்லாமல் வந்த நெக்சஸ் 4உம் அப்படியே, வெரைசனில் வேலை செய்யாது.

*#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) எடுத்து, பணம் கொடுக்கும் முன்பே உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் சோதியுங்கள். திருட்டு போன்களின் பொதுப் பட்டியலை அமெரிக்க நிறுவனங்கள் 2012 இறுதியிலிருந்து பராமரிக்கின்றன. தவணை பாக்கி உள்ள போனும் பின்னால் தடைபடலாம். இன்று ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியதா, பூட்டாததா என்பதும் சேர்ந்துகொள்கிறது. தவணை முடியாத போனை ஏடி அண்ட் டி திறந்து தராது. சென்னை விமான நிலையத்தில் இறங்கி ஜியோ சிம் போடும்போது இது தெரியவந்தால் பயனில்லை. 2022இன் ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரில் இசிம் (அட்டை இல்லாத மின்னணு சிம்) வாங்க வேண்டியிருக்கும்.

அன்லிமிடெட் என்றால் எப்போதும் முழு வேகம், என்றைக்கும் அதே விலை என்று எண்ணுவது

ஏடி அண்ட் டி 2010 ஜூனிலேயே புதியவர்களுக்கு அன்லிமிடெட்டை நிறுத்தியது, ஆனால் பழையவர்கள் மானிய விலையில் போன் வாங்கியும் அதை வைத்திருக்க விட்டது. வெரைசனைவிட நல்லது என்று தோன்றும். அங்கே வேறு விதமாகக் கை வைத்தார்கள். 2012இல் 3ஜியில் 3 ஜிபி, 4ஜியில் 5 ஜிபி தாண்டியவர்களின் வேகத்தைக் குறைத்தார்கள். இதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது, 2019இல் 6 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. ஒரு நிறுவனத்தின் விதியை வைத்து இன்னொன்றைக் கணிக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வெரைசனில் அடி விலையில் விழுந்தது. 2015 நவம்பரில் 29.99 என்பது 49.99 ஆனது. ஒப்பந்தம் முடியாதவர்களுக்கு மட்டும் அது முடியும்வரை விலக்கு. அன்லிமிடெட்டைக் காக்க முழு விலை கொடுத்து, ஒப்பந்தமின்றி இருந்தவர்கள் முதலில் மாட்டினார்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் நிறுவனத்துக்கும் கட்டு இல்லை. மாதம் 20 என்றால் இரண்டு ஆண்டில் 480, விட்டுக்கொடுத்த மானியத்தைவிட 30 டாலர் அதிகம். 2016இல் மாதம் 100 ஜிபிக்கு மேல் இழுத்தவர்களை வேறு பிளானுக்கு மாறச் சொல்லிக் கடிதம் போயிற்று. 2017 பிப்ரவரியில் வெரைசனே 80 டாலருக்குப் புதிய அன்லிமிடெட்டை எல்லோருக்கும் திறந்தபோது, பழைய பிளானின் மதிப்பு பெருமளவு கரைந்துவிட்டது.

இன்றைய 'இலவச போன்'

இப்போது மானியம் பில் கிரெடிட் (மாதாமாதம் பில்லில் கழிக்கும் தொகை) என்ற பெயரில் வருகிறது, பெரும்பாலும் 36 மாதம் பரவி. 800 டாலர் போன் என்றால் மாதம் 22.22 தவணை, அதே அளவு கிரெடிட். 20ஆம் மாதம் விலகினால் கிரெடிட் நின்றுவிடும், மீதி 16 மாதத்துக்கு 355 டாலர் சொச்சம் மொத்தமாகக் கேட்பார்கள். தவணையை முன்கூட்டி அடைத்தாலும் சில சலுகைகளில் மீதிக் கிரெடிட் போய்விடும், அந்த ஒரு வரியை மட்டுமாவது நிபந்தனையில் தேடிப் படியுங்கள்.

பழைய அன்லிமிடெட் பிளான்காரர்களுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது, விலை கூடிய புதிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாதம் 15 டாலர் வித்தியாசம் என்றால் 36 மாதத்தில் 540. 800 டாலர் இலவச போன் உண்மையில் 260 டாலர் தள்ளுபடி. நான்கு லைன் கணக்கில் எல்லா லைனும் மாற வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், ஒரு போனுக்காக 2160 டாலர் கட்டுவீர்கள்.

கிரெடிட் முதல் பில்லிலேயே வராமல் ஒன்றிரண்டு பில் தள்ளி வரலாம். மூன்றாவது பில்லை எடுத்து, தவணை வரியும் கிரெடிட் வரியும் லைன் வாரியாக நேர் ஆகின்றனவா என்று பாருங்கள். ஆர்டர் செய்த அன்று சலுகைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், அப்போது பேச்சு சுருக்கமாக முடியும்.