கம்பனி உங்களைக் கானாவுக்கு அனுப்பினால்

சுனாமிக்குப் பிறகு எங்கள் மட்டக்களப்புக் கல்லடிக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் நிறையப் பேர் வந்தார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று முதலில் கேட்டவர்களைத்தான் சனம் இன்னும் சொல்லிச் சொல்லி நினைக்கிறது. ஆகவே கம்பனி உங்களைக் கானாவுக்குத் தொண்டுப் பணிக்கு அனுப்புகிறது என்றால், முதல் வேலை அங்குள்ளவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசுவது.

"கணக்கு முறையைச் சீர்செய்ய வேண்டும்" என்று பணிக் கடிதத்தில் இருக்கும். அதோடு விடாதீர்கள். இப்போது கணக்கை எதில் எழுதுகிறார்கள், கொப்பியிலா எக்செலிலா? கரண்ட் அடிக்கடி போகுமா? நீங்கள் திரும்பிய பிறகு யார் பார்ப்பார்? இதற்கு ஓர் ஆளின் பெயர் கிடைக்கும்வரை கேளுங்கள். பொறுப்பாளர் இல்லாத வேலை நீங்கள் விமானம் ஏறியதும் நின்றுவிடும்.

அப்புறம் ஊசி. கானாவுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்; பிறகு ஆயுளுக்கும் போதும். திரும்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போதும் அது தேவை, கடவுச்சீட்டோடேயே வைத்திருங்கள்.

மலேரியாவைத்தான் நம்மவர்கள் மறந்துபோகிறார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடானது. கானாவில் அது இன்னும் இருக்கிறது. இலங்கைச் சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறது. புறப்படுமுன் தொடங்கி, வந்த பிறகும் டொக்டர் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். ஊர் திரும்பிக் காய்ச்சல் வந்தால் "கானா போய் வந்தேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

காப்புறுதி, சம்பளம், லீவு மூன்றையும் கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.