கார் விற்பனையில் 'நம்பர் ஒன்' என்றால் உண்மையில் என்ன? பட்டியலைப் படிக்கும் முறை

மாதம் பிறந்ததும் கார் கம்பெனிகள் விற்பனைக் கணக்கை வெளியிடும், ஓரிரு நாளில் 'டாப் 10' பட்டியல் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிடும். கார் வாங்கப் போகிற பலர் அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். என் மச்சானும் அப்படித்தான் இருந்தார், அவருக்கு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி 'விற்றேன்' என்று சொல்வது உங்களுக்கும் எனக்கும் விற்றதை இல்லை. ஃபேக்டரியிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டியைத்தான் அது விற்பனை என்று எழுதுகிறது. உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தருவதும் இந்தக் கணக்குதான், நாம் பார்க்கும் மாடல் வாரியான பட்டியல்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன. அந்த வண்டி டீலர் யார்டில் மூன்று மாதம் வெயிலில் நின்றாலும் கம்பெனி கணக்கில் அது விற்றாகிவிட்ட வண்டி.

இன்னொரு கணக்கு, டீலர்கள் சங்கமான ஃபாடா மாதாமாதம் தருவது. ஆர்டிஓவில் பதிவான வண்டிகளை வைத்து, அதாவது அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தரவை வைத்துப் போடுவது. இது வாடிக்கையாளர் கைக்குப் போன வண்டி. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 2024 செப்டம்பரைப் பாருங்கள்: டீலர்களிடம் 80-85 நாளுக்கான ஸ்டாக், சுமார் 7.9 லட்சம் வண்டிகள், ரூ. 79,000 கோடி மதிப்பு என்று ஃபாடா கவலையோடு சொன்னது. அனுப்பிய கணக்கை மட்டும் பார்த்தவருக்கு இந்தத் தேக்கம் தெரிந்திருக்காது.

அடுத்து, எந்த 12 மாதம் என்று பாருங்கள். 2024 காலண்டர் வருடத்தில் டாடா பஞ்ச் 2,02,031 வண்டிகளோடு முதலிடம், 40 வருடத்துக்குப் பிறகு மாருதி அல்லாத ஒரு கார் உச்சிக்கு வந்தது என்று பெரிய செய்தியானது. ஆனால் 2024-25 நிதியாண்டை எடுத்தால் முதலிடம் மாருதி வேகன் ஆருக்கு, 1,98,451. பஞ்ச் 1,96,572. வித்தியாசம் 2,000 கூட இல்லை, ஆரம்பிக்கிற மாதத்தை மூன்று மாதம் தள்ளினதும் ராஜா மாறிவிட்டார். இரண்டு செய்தியும் உண்மைதான், தலைப்பில் எந்த வருடம் என்று போடாதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பெயரில்தான் பெரிய குழப்பம். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என்று வரும் எண்ணில் ஸ்கார்ப்பியோ-என், கிளாசிக் என்ற இரண்டு வேறு வேறு வண்டிகள் சேர்ந்திருக்கும். நெக்ஸான், பஞ்ச் எண்களில் பெட்ரோல் வண்டியோடு எலெக்ட்ரிக்கும் உண்டு. இதற்கு நேர் எதிராக, பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் அடிப்படையில் ஒரே கார், எர்டிகாவும் ரூமியனும் அப்படியே, ஆனால் லோகோ வேறு என்பதால் தனித்தனியாக எண்ணுகிறார்கள். ஒரு இடத்தில் இரண்டை ஒன்றாக்கி, இன்னொரு இடத்தில் ஒன்றை இரண்டாக்கினால் நாலாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் என்ன பெரிய அர்த்தம் இருக்கும்? அதோடு கம்பெனியின் மொத்த எண்ணில் ஏற்றுமதியும் இருக்கும், மாருதி என்றால் டொயோட்டாவுக்குச் செய்து கொடுக்கும் வண்டிகளும் சேரும். உள்நாட்டு விற்பனை என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடும்போது பண்டிகையையும் கவனியுங்கள். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. அந்த இரண்டு அக்டோபர்களையும் பக்கத்தில் வைத்து 'அபார வளர்ச்சி' என்று எழுதுவது சரியில்லை. நம்ம ஊரில் ஆடியில் டெலிவரி எடுக்கத் தயங்குபவர்கள் நிறைய, அதனால் தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் பார்க்கிறவர்கள் ஆடி, ஆவணி இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

நீங்களே பார்க்க ஆசையா? வாகன் டாஷ்போர்டு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு அச்சில் மேக்கர் (தயாரிப்பாளர்), இன்னொன்றில் மாதம் என்று வைத்து, வாகன வகையில் மோட்டார் கார், மோட்டார் கேப் (டாக்ஸி) இரண்டையும் டிக் செய்யுங்கள். இதை விட்டால் மஹிந்திரா கணக்கில் சரக்கு வண்டி எல்லாம் வந்து சேரும். டாடாவுக்கு எலெக்ட்ரிக் பிரிவு வேறு பெயரில் இருக்கும், கூட்டிக்கொள்ள வேண்டும். மாடல் வாரியாக அதில் கிடைக்காது, கம்பெனி வாரியாகத்தான்.

சரி, வாங்குபவருக்கு இதனால் என்ன? நிறைய விற்கும் கார் என்றால் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், மெக்கானிக்குக் கைப்பழக்கம் இருக்கும், திரும்ப விற்கும்போது ஆள் வருவார்கள். இவ்வளவுதான் ரேங்க் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாது: மேலே முதலிடத்துக்குப் போட்டியிட்ட இரண்டில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு, கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமைப்பான குளோபல் என்கேப் 2021-ல் பஞ்ச்சுக்குக் கொடுத்தது 5 ஸ்டார், 2023-ல் வேகன் ஆருக்குக் கொடுத்தது 1 ஸ்டார்.

ஒரு கம்பெனி அனுப்பிய எண், பதிவான எண்ணை விடத் தொடர்ந்து சில மாதம் அதிகமாக இருந்தால் ஷோரூமில் ஸ்டாக் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது தள்ளுபடியை அழுத்திக் கேளுங்கள். அப்புறம் பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணை வாங்கி, எந்த மாதம் தயாரானது என்று எழுத்தில் கேளுங்கள். என் மச்சானுக்குக் காட்டிய வண்டி ஏழு மாதம் பழசு.