தோட்டா வேறு, குண்டு வேறு: பெயர்களைச் சரியாகச் சொல்வது எப்படி?

'உடலில் இரண்டு தோட்டாக்கள் பாய்ந்தன' என்று செய்திகளில் அடிக்கடி வரும். பாய்வது தோட்டா இல்லை, குண்டு. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவின் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள் (நிஜத் தோட்டாவைப் பிரிக்க வேண்டாம்). வெளியே தெரிவது உறை, பெரும்பாலும் பித்தளை. அதன் வாயில் செருகியிருப்பது குண்டு. உறைக்குள் வெடிமருந்து, அடியில் பிரைமர். துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தியதும் அது பொறி கிளப்பும். மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளும். ஆகவே சுவரில் புதைந்திருப்பது குண்டு, தரையில் உருண்டு கிடப்பது காலி உறை. நான்கும் சேர்ந்த முழுப் பொருள்தான் தோட்டா. எண்ணிக்கை சொல்லும்போது 'ரவுண்டு' என்பார்கள்.

படி 2: எண்களைப் படியுங்கள்

9×19 என்றால் குண்டின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர், உறையின் நீளம் சுமார் 19. இரண்டாவது எண்ணை விட்டுவிடாதீர்கள்: 7.62×39, 7.62×51 இரண்டும் வெவ்வேறு தோட்டாக்கள், ஒன்றுக்கு மற்றது ஆகாது. அமெரிக்கப் பெயர்களில் .45 என்பது அங்குலக் கணக்கு. ஆனால் பெயரை அப்படியே நம்பவும் முடியாது. .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குலம்தான்!

படி 3: அடிப்பக்கம்

நடுவில் வட்டமாகப் பிரைமர் தெரிந்தால் சென்டர்ஃபயர். ஒன்றும் இல்லாமல் மழமழவென்று இருந்தால் ரிம்ஃபயர்; விளிம்புக்குள்ளேயே பிரைமர் மருந்து இருக்கும். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா இந்த வகை.

படி 4: குண்டின் முனை

முழுக்க உலோகக் கவசம் போட்டது ஃபுல் மெட்டல் ஜாக்கெட். முனையில் குழி இருந்தால் ஹாலோ பாயின்ட். இலக்கில் பட்டதும் மலர்ந்து விரியும். இப்படி விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899 ஹேக் பிரகடனம் என்ற சர்வதேச உடன்பாடு தடை விதித்தது.

படி 5: ஷாட்கன்

இதன் தோட்டாவை 'ஷெல்' என்பார்கள். உள்ளே பெரும்பாலும் சிறு உருண்டைகள். அளவு 'கேஜ்'. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டமே 12 கேஜ் குழலின் விட்டம். அப்படியானால் 20 கேஜ் அதைவிடச் சிறியது. புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

அப்புறம், வெற்றுத் தோட்டாவும் டம்மியும் ஒன்றல்ல. டம்மியில் மருந்தே கிடையாது. வெற்றுத் தோட்டாவில் குண்டு மட்டும்தான் இல்லை, மருந்து உண்டு. மிக அருகில் சுட்டால் அதுவும் உயிரைப் பறிக்கும்.