போர் அடிக்கிறது என்றதும் திரும்பிவிடாதீர்கள்

வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கோ காட்டுக்கோ போய் நாலு நாள் தங்கி, நூறு படம் எடுத்துக்கொண்டு வந்தால் பிள்ளைக்கு இயற்கைமேல் ஆசை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆசை வரலாம், பழக்கம் வராது. பழக்கத்துக்குக் கணக்கு வேறு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் பெரியவர்களிடம் விசாரித்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறு வயதில் மரம் செடி உள்ள இடங்களுக்கு அடிக்கடி போனவர்களே வளர்ந்த பிறகும் அடிக்கடி போகிறார்கள், தனியாகப் போகவும் தயங்குவதில்லை என்று சொன்னது. 'அடிக்கடி' என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

அதனால் முதலில் பக்கத்திலேயே ஓர் இடம் பாருங்கள். நடந்து பத்து நிமிஷத்துக்குள் போய்விட வேண்டும். குளக்கரை, புதர் மண்டிய காலி இடம், நாலு பெரிய மரங்கள், எதுவானாலும் சரி. உங்கள் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாத இடமாகத் தெரியும். போன வாரம் இருந்த எறும்புப் புற்று இந்த வாரம் எங்கே போச்சு என்று தேடுகிற பிள்ளைக்கு அப்படி இல்லை. திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போங்கள். கிழமையும் நேரமும் முடிவு செய்துவிட்டால், போகலாமா வேண்டாமா என்கிற பேச்சே வீட்டில் எழாது.

சரி, போனதும் என்ன செய்வது? எதையும் செய்யாதீர்கள். இது என்ன மரம், இதன் பயன் என்ன என்று பாடம் எடுக்க வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2,000 பெரியவர்களைக் கேட்டு 2006-இல் வெளியான ஆய்வில், 11 வயதுக்குள் காட்டில் விளையாடியது, மீன் பிடித்தது, கூடாரம் போட்டுத் தங்கியது போன்ற அனுபவங்களுக்கும் பிற்காலச் சுற்றுச்சூழல் அக்கறைக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. செடி வளர்த்ததற்கு அதைவிடக் குறைவான தொடர்புதான். சாரணர் இயக்கம், சுற்றுச்சூழல் வகுப்பு என்று ஏற்பாடு செய்து கூட்டிப்போனதற்குத் தொடர்பே தெரியவில்லை. (இதெல்லாம் பெரியவர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்ன பதில்கள். வெளியே சுற்றப் பிடித்தவருக்குச் சின்ன வயதில் சுற்றியதும் கூடுதலாக நினைவிருக்கும், அந்தச் சந்தேகத்தையும் வைத்துக்கொண்டே படியுங்கள்.)

முதல் இருபது நிமிஷம் 'போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்' என்று பிள்ளை சிணுங்கும். பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடுவது இங்கேதான். கிளம்பாதீர்கள், பதிலுக்கு விளையாட்டுக் காட்டவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சியோ கல்லோ கைக்கு வந்துவிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது. நீங்கள் போனை எடுத்தால் அதற்கும் போன் வேண்டும், ஆகவே அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பயம்தான் பெரிய தடை. மரம் ஏற வேண்டும் என்றால் தானாக எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு ஏறட்டும். தூக்கி மட்டும் ஏற்றிவிடாதீர்கள், தானாக ஏறாத பிள்ளைக்குத் தானாக இறங்கவும் தெரியாது. 'பார்த்து, பார்த்து' என்று கத்துவதால் பிள்ளை பதறுவதைத் தவிர வேறு ஒன்றும் நடப்பதில்லை. 'அந்தக் கிளை ஆடுதா பார்', 'அடுத்த காலை எங்கே வைப்பே?' என்று கேளுங்கள், யோசித்து வைக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது, நீச்சல் தெரியாத பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய துணி போட்டுக் கூட்டிப்போனால் சேற்றுக்காகத் திட்டுவது மிச்சம். புல், புதர் என்று புரண்டுவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலை ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூடவே இருப்பதையும் மெல்லக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் 1971-இல் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். எப்போதும் துணையோடு போய்ப் பழகியவருக்குப் பிறகு தனியாகப் போகக் கால் வராது. முதலில் அந்த மரம்வரை, அப்புறம் வளைவுவரை, அப்புறம் கூட்டாளிகளோடு ஒரு மணி நேரம். பதின்வயதில் உங்களோடு வர மறுத்தால் இழுக்க வேண்டாம், கூட்டாளிகளோடு போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சின்ன வயதில் இதெல்லாம் கிடைக்காத பெரியவரா நீங்கள்? வழி இருக்கிறது. ஏற்கெனவே வெளியே சுற்றுகிற ஒருவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வெறுமனே நடக்கப் பிடிக்கவில்லை என்றால் பறவை பார்ப்பது, படம் வரைவது என்று கைக்கோ கண்ணுக்கோ ஒரு வேலை கொடுங்கள். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2019), வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை. சிணுங்கும் அந்த முதல் இருபது நிமிஷம் மட்டும் உங்களுக்கும் உண்டு.