மிக்ஸ் (Mixxx) டிஜே மென்பொருளில் இருக்கும் மொத்த பிளேலிஸ்ட்டையும் ஒரே தாளில் எடுப்பது

தாராவியில் ஒரு சடங்கு வீடு. டிஜேயாகப் பாட்டு போடப் பேசி முடித்து அட்வான்ஸும் வாங்கியாச்சு. கிளம்பும்போது பெண்ணோட தாய்மாமா கேட்டார்: "என்னென்ன பாட்டு போடப்போற, எழுதிக் குடுப்பா. பெரியவங்க பாக்கணும்." லேப்டாப்பில் 60 பிளேலிஸ்ட்டுக்கு மேல் இருந்தது. ராஜா மெலடி, எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு, குத்து, பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்களுக்காகக் கோலி மீனவர் பாட்டு என்று எல்லாம். அதில் ஒன்றைக்கூட எழுத்தில் காட்ட என்னிடம் வழி இல்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாட்டு போடுவது மிக்ஸ் மென்பொருளில். பெயரில் மூன்று எக்ஸ் வருமே, அந்த இலவச மென்பொருள். ஒரு பிளேலிஸ்ட் மட்டும் வேண்டுமென்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுங்கள், சிஎஸ்வி ஃபைலாகவே, அதாவது கட்டம் கட்டமாகத் திறக்கும் பட்டியலாகவே, வந்துவிடும். அறுபதையும் அப்படி ஒவ்வொன்றாக எடுக்க உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும்.

மொத்தமாக எடுக்க, மிக்ஸின் உள்ளறைக்கே போக வேண்டும். பாட்டு விவரம் எல்லாம் ஒரே ஒரு எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தள ஃபைலில்தான் இருக்கிறது. விண்டோஸில் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், மிக்ஸ் என்று போங்கள். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாது. வியூ மெனுவில் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் மிக்ஸை மூடுங்கள். அந்த ஃபைலைக் காப்பி எடுத்து டெஸ்க்டாப்பில் வையுங்கள். இனி எது செய்தாலும் காப்பியில்தான். அசலைத் திறந்து ஒரு கட்டத்தில் தெரியாமல் கை பட்டு சேவ் ஆனால், பல வருஷம் அடுக்கிய வரிசை குலைந்துவிடும்.

டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளில் காப்பியைத் திறந்தால் நிறைய டேபிள்கள் தெரியும். நமக்கு மூன்று போதும். பிளேலிஸ்ட்ஸ் டேபிளில் பெயரும் எண்ணும் இருக்கும். பிளேலிஸ்ட்டிராக்ஸில் எந்த பிளேலிஸ்ட்டில் எந்தப் பாட்டு எத்தனையாவது இடத்தில் என்பது எண்களாக இருக்கும். லைப்ரரியில் பாட்டுப் பெயர், பாடியவர், பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தாளம்), எத்தனை விநாடி எல்லாம் உண்டு. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் மூன்றையும் சிஎஸ்வியாக எடுங்கள். மிக்ஸில் பாட்டுகளைக் கூட்டிவைக்க கிரேட் என்று இன்னொரு வழியும் உண்டு, அதற்குத் தனி டேபிள். ஆனால் கிரேட்டில் வரிசை கிடையாது, வெறும் கூடைதான். அதனால் நான் அதை எடுப்பதில்லை.

அந்த சிஎஸ்விகளை லிப்ரேஆபீஸ் கால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளில் திறக்கும்போது ஒரு பெட்டி வரும். அதில் எழுத்து வகை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் தடவை நான் கவனிக்காமல் ஓகே கொடுத்தேன். தமிழில் டைப் செய்து வைத்திருந்த பாட்டுப் பெயர் எல்லாம் கோணல்மாணல் குறிகளாக வந்தது. ஃபைலே கெட்டுவிட்டது என்று நெஞ்சு படபடத்தது. அந்த ஒரு பெட்டியில்தான் விஷயம்.

பிளேலிஸ்ட்ஸ் ஷீட்டில் ஹிடன் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 0 என்றால் நீங்கள் போட்ட பிளேலிஸ்ட். 1 என்றால் ஆட்டோ டிஜே, அதாவது மிக்ஸ் தானாகவே போடும் வரிசை. 2 என்றால் ஹிஸ்டரி, அதாவது ஏற்கெனவே போட்ட பாட்டுகளின் பதிவு, தேதி பெயரோடு வரிசையாக நிற்கும். 0 மட்டும் ஃபில்டர் செய்தால் உங்கள் பட்டியல் கையில். ஹிஸ்டரியை அழித்துவிடாதீர்கள். போன வருஷம் அதே வீட்டில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எதைப் போட்டோம் என்று அதுதான் சொல்லும்.

இனி மூன்றையும் கோர்க்க வேண்டும். பிளேலிஸ்ட்டிராக்ஸ் ஷீட்டில், பாட்டின் எண்ணைக் கொடுத்து லைப்ரரி ஷீட்டிலிருந்து பெயரை விலுக்கப் (VLOOKUP) என்ற தேடும் ஃபார்முலா வழியாக எடுங்கள். பிளேலிஸ்ட் பெயரும் அப்படியே. ஃபார்முலாவின் கடைசி இடத்தில் 0 போட மறக்காதீர்கள்; போடாவிட்டால் வேறு பாட்டின் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். பிறகு பிளேலிஸ்ட் எண், அதற்குள் பொசிஷன் என்று சார்ட் செய்யுங்கள்.

விநாடியையும் சேர்த்து எடுங்கள் என்பேன். சம்இஃப் (SUMIF) என்ற கூட்டல் ஃபார்முலா போட்டு ஒவ்வொரு பிளேலிஸ்ட்டையும் கூட்டி 60-ஆல் வகுத்தால் நிமிஷம். தெருவில் பந்தல் போட்டால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், 2000-ல் வந்த ஒலி மாசு விதி அது. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நம் கையில் 180 நிமிஷம்தான், அதில் ஆரத்திக்கும் மொய்க்கும் போக மிச்சம் எவ்வளவு என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். குத்து லிஸ்ட்டைக் கடைசி முக்கால் மணி நேரத்துக்கு நான் அளந்து வெட்டுவது இப்படித்தான்.

ஒருமுறை லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடையில் கேட்காமலே டிஸ்க்கை ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டார்கள். பாட்டு எல்லாம் பென்டிரைவில் இருந்தது. வரிசை இருந்தது இந்த ஷீட்டில் மட்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதைப் பார்த்தே திரும்ப அடுக்கினேன். இப்போது ஒவ்வொரு விசேஷம் முடிந்த மறுநாளும் புதிதாக ஒரு ஷீட் எடுத்து, தேதி பெயர் வைத்து, எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். பிடிஎஃப் ஒன்று விசேஷ வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் போகிறது.