தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முயலின் கருத்தடைக்கு நம்பகமான டாக்டரைப் பிடிப்பது எப்படி

சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று இருந்துவிட்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் குடிவந்திருப்பவர்களுக்கு இது. பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி மாற்றம் எல்லாம் பக்கத்து வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெண் முயலுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், நல்ல டாக்டர் யார் என்று கேட்டுப் பாருங்கள், "முயலுக்கா?" என்று சிரிப்பார்கள். சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே முயல் என்றால் கொட்டகை போட்டு கறிக்கு வளர்ப்பது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா எல்லாம் அப்படி வளர்பவைதான். சில மாதத்தில் கறியாகிவிடும் பிராணிக்கு யாரும் கருப்பையை எடுப்பதில்லை. அதனால் உள்ளூர் டாக்டர்களில் பலருக்கு அந்த ஆபரேஷன் செய்யும் சந்தர்ப்பமே வந்திருக்காது. திறமைக் குறைவு என்று அதை நினைக்கக் கூடாது. கன்று குறுக்கே திரும்பிக்கொண்ட மாட்டுக்கு நடுராத்திரியில் கைவிட்டுப் பிரசவம் பார்க்கிறவர்கள் இவர்கள்.

வீட்டில் செல்லமாக வளரும் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். கருப்பையோடு விட்டால் மூன்று, நான்கு வயதுக்கு மேல் அங்கே புற்றுநோய் வருவது முயலினத்தில் மிகச் சாதாரணம். ஆண் ஒன்றும் கூடவே இருந்தால் சொல்லவே வேண்டாம். சினைக்காலம் 30, 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். நான்கிலிருந்து ஆறு மாத வயதில் செய்துவிடுவது நல்லது. ஆனால் முதலில் அது பெண்தானா என்று டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தையில் ஜோடி என்று கொடுப்பது பல சமயம் ஜோடியாக இருப்பதில்லை.

இன்னொன்று. ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது வயலில் கிடைத்த குட்டி என்று பழுப்பு முயலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது காட்டு முயல். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

சரி, டாக்டர். இந்த இரண்டு மாவட்டமும் மாட்டு ஊர். ஓசூர் மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்னும் நடக்கிறது. எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகம் இருக்கும். ஆனால் கிராமத்தில் சினை ஊசி போட வருகிறவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கால்நடை ஆய்வாளராக இருக்கலாம், உதவியாளராக இருக்கலாம். கத்தி வைக்கப் போகிறவர் பி.வி.எஸ்சி படித்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. 1962க்குப் போன் செய்தால் வரும் நடமாடும் மருத்துவ வண்டி ஆடு மாடுகளுக்கு வீட்டு வாசலில் வைத்தியம் பார்க்க. இந்த வேலைக்கு அது ஆகாது.

பெரிய இடம் என்றால், தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் வழியாக 120 கிலோமீட்டர் வாக்கில் வரும். அறுவை சிகிச்சைத் துறையில் முயல் எந்த நாளில் பார்ப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஹெப்பால் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, பறவை, முயல் என்று தனியாகப் பார்க்கும் தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. தூரத்தை விட, பெங்களூருக்குள் நுழையும்போது வரும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல்தான் தொல்லை. அத்திப்பள்ளியை விடியும் முன்னே தாண்டிவிடுங்கள்.

போர்டைப் பார்த்து நம்பாதீர்கள், பதிலைப் பார்த்து நம்புங்கள். "முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடணுமா டாக்டர்?" இந்த ஒரு கேள்வி போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். நாய், பூனைக்குப் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உயிருக்கே ஆபத்து. ராத்திரி முழுக்க ஒன்றும் கொடுக்காதே என்கிறவர் முயலை நாயாக நினைத்துப் பேசுகிறார். மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வரை புல் தின்னட்டும் என்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

மயக்க மருந்தைப் பற்றியும் கேளுங்கள். ஐசோஃபுளூரேன் வாயு இருந்தால் நல்லது. கெட்டமின், சைலசின் ஊசிதான் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிட வேண்டியதில்லை. ஆக்சிஜன் கொடுப்பாரா, உடம்பு குளிர்ந்து போகாமல் அடியில் சூடு வைப்பாரா, வெட்டுகிறவர் ஒருவர், மூச்சைப் பார்க்கிறவர் இன்னொருவர் என்று ஆள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இதுவரை எத்தனை பெண் முயலுக்குச் செய்திருக்கிறீர்கள், ஏதாவது இறந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். ஒன்றுகூட இறந்ததில்லை என்று மார்தட்டுகிறவரை விட, ஒன்று இறந்தது, காரணம் இது என்று சொல்பவரை நான் நம்புவேன்.

பேச்சை விட கை அதிகம் சொல்லும். முயலை மேஜைமேல் வைத்ததும் டாக்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தெரிந்தவர் வழுக்காமல் இருக்க முதலில் ஒரு துண்டை விரிப்பார். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். பின்னங்காலை உதறினால் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அந்தப் பிடி. அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை இதயத்தில் வைத்ததோடு விடாமல் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்துக் குடல் சத்தத்தைக் கேட்பார். எடையை கிராம் கணக்கில் பார்ப்பார். 'ஒன்றரைக் கிலோ இருக்கும்' என்று கையால் தூக்கிச் சொல்கிறவரிடமும், காதைப் பிடித்துத் தூக்குகிறவரிடமும் விடாதீர்கள்.

மார்ச் முதல் மே வரை தர்மபுரி வெயிலில் இந்த வேலையே வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திண்டாட்டம். மார்கழி, தை வசதி. காரில் ஏசி போட்டு, கூடைக்குள் அது பழகிய புல்லையும் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஆபரேஷனை பெங்களூரிலோ நாமக்கல்லிலோ வைத்துக்கொண்டாலும், அடுத்த மூன்று நாளுக்கு உள்ளூரில் ஒரு டாக்டரை முன்கூட்டியே பேசி வையுங்கள். புதிதாக வந்தவர்கள் பலருக்குத் தோன்றாத விஷயம் இது. ராத்திரி பத்து மணிக்கு முயல் சுருண்டு உட்கார்ந்துகொண்டால் நூறு கிலோமீட்டர் ஓட முடியாது. ஆபரேஷன் செய்தவரிடமிருந்து என்ன மருந்து, என்ன அளவு என்று எழுதி வாங்கி உள்ளூர் டாக்டரிடம் கொடுத்துவிட்டால் அவர் தாராளமாகப் பார்த்துக்கொள்வார்.

வலி மருந்தை ஒரு ஊசியோடு நிறுத்தவிடாதீர்கள். மெலாக்சிகாம் சில நாளுக்கு வீட்டுக்கும் எழுதித்தரச் சொல்லுங்கள். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும். அன்று சாயங்காலமே அறுகம்புல், கொத்தமல்லித் தழை வைத்துப் பாருங்கள். தொடவில்லை என்றால் அதன் தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு கட்டி அனுப்பினால் வேறு வழி உண்டா என்று கேளுங்கள். முயல் தன் மெத்தென்ற புழுக்கையை வாயால் எடுத்துத் தின்ன வேண்டும், கூம்பு அதைத் தடுக்கும். வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று அமாக்ஸிசிலின் எதையும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், முயலின் குடலுக்கு அது ஆகாது. நாய்க்கு உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் கூடாது. கூட இருக்கும் ஆண் முயலைக் காயம் ஆறும் வரை தனியே வையுங்கள். அதற்கும் ஆபரேஷன் செய்திருந்தாலும் அடுத்த ஆறு வாரத்துக்கு, கருத்தடை செய்யாத வேறு பெண் முயலிடம் விடாதீர்கள். அதுவரை சினைப்படுத்தும் சக்தி அதற்கு மிச்சம் இருக்கும்.